லேப் கெமிக்கல் ஸ்டாக்கும் மெஷின் செக்கிங்கும்: நோட்டா, ஷீட்டா, சாஃப்ட்வேரா?

போன மார்ச் ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல நடந்தத முதல்ல சொல்லிடறேன். ரெஜிஸ்டர்ல சில்வர் நைட்ரேட் 25 கிராம் பாட்டில் மூணுன்னு இருக்கு, அலமாரியிலயும் மூணு பாட்டில் நிக்குது, எண்ண வந்த சார் டிக் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு பிராக்டிகல் எக்ஸாமுக்கு சொல்யூஷன் போடலாம்னு எடுத்தா மூணுமே காலி. யாரும் திருடல. முடிஞ்ச பாட்டில தூக்கிப்போட்டா கணக்கு உதைக்குமேன்னு எங்க அட்டெண்டர் அண்ணன் காலி பாட்டிலயே துடைச்சு வரிசையா அடுக்கி வச்சிருக்காரு. அவர குத்தம் சொல்ல முடியல, ஏன்னா ரெஜிஸ்டர் கேக்கறது பாட்டில் எண்ணிக்கைய மட்டும்தான், உள்ள என்ன இருக்குன்னு அது கேக்கவே இல்ல.

அன்னைக்கு எச்ஓடி மேடம் என்கிட்ட, "நீங்களே ஒரு வழி பாருங்க சார், நோட்ட விட்டுட்டு கம்ப்யூட்டருக்குப் போறதுன்னாலும் சரி"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷமா மூணு வழியையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்தேன். எங்க டிபார்ட்மென்ட்ல 600 சொச்சம் பாட்டில், சின்னதும் பெருசுமா 40 மெஷின், யூஜி பிஜி சேர்த்து மூணு லேப், ஒரு பிரிப்பரேஷன் ரூம். ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல கெமிஸ்ட்ரி வச்சிருக்கற யாருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான் இருக்கும்னு நெனச்சு எழுதறேன்.

முதல்ல நோட்டு. அத கிண்டல் பண்றவங்க நிறைய பேரு, ஆனா சில கெமிக்கலுக்கு எழுத்துல கணக்கு வச்சுத்தான் ஆகணும், அது நம்ம இஷ்டம் இல்ல. 2013ல, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்ட லட்சுமி போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் ஆசிட் விக்கறவங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு போடல, ஆசிட் வச்சிருக்கற காலேஜ், ரிசர்ச் லேப், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் போட்டுச்சு: உபயோகத்துக்கு ஒரு ரெஜிஸ்டர் வச்சு அத எஸ்டிஎம் (சப்-டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்) ஆபீஸ்ல ஃபைல் பண்ணணும், பொறுப்பா ஒரு ஆள் இருக்கணும், லேப்ல இருந்து வெளிய போற ஸ்டூடண்ட்ஸ செக் பண்ணணும். எத்தனை காலேஜ்ல இது உண்மையிலயே நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அசிட்டிக் அன்ஹைட்ரைடும் அப்படித்தான், நமக்கு அது ஆஸ்பிரின் பிரிப்பரேஷனுக்கு ஊத்தற சாமான், கவர்ன்மென்ட்டுக்கு அது ஹெராயின் காய்ச்ச உதவற சாமான், அதனால போதைப்பொருள் சட்டத்துக்குக் கீழ 2013ல வந்த ஆர்டர்ல அது கட்டுப்படுத்தின பொருள். ஸ்பிரிட்டுக்கு எக்சைஸ் பெர்மிட் கதை தனி. இதுக்கெல்லாம் பக்க நம்பர் போட்டு பைண்ட் பண்ண நோட்டுல மையால எழுதி கையெழுத்து வாங்கறதுதான் எனக்கு தைரியம், நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து நின்னா லேப்டாப்ப திறந்து வைஃபை தேடிக்கிட்டு இருக்க முடியாது.

நோட்டு எங்க கவுக்குதுன்னா, வாங்கினது எத்தனைன்னு சொல்லும், இப்ப எங்க இருக்கு, எப்ப திறந்தாங்க, எவ்வளவு மிச்சம்னு சொல்லாது. டைஎத்தில் ஈத்தர எடுத்துக்கங்க. திறந்து வச்ச ஈத்தர் காத்தோட சேர்ந்து மெதுவா பெராக்சைடு ஆகும், அது மூடி மரையில படிகமா படிஞ்சிருந்தா திருகற உரசல்லயே வெடிக்கலாம், அதனாலதான் திறந்த தேதிய பாட்டில் மேலயே எழுதி 6 மாசத்துக்குள்ள முடிச்சுடணும் இல்லன்னா டெஸ்ட் பண்ணணும்னு சொல்றாங்க (டெஸ்ட் பெருசா ஒண்ணும் இல்ல, ஆசிட் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கொஞ்சம் போட்டா மஞ்சளோ பழுப்போ அடிச்சா பெராக்சைடு இருக்கு. ஆனா படிகம் கண்ணுக்கே தெரிஞ்சா டெஸ்டும் வேணாம், கைய வைக்கவே வேணாம்). எங்க ரெஜிஸ்டர்ல ஈத்தர் 500 மிலி, வாங்கின தேதி, பில் நம்பர், கம்பெனி, விலை எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. திறந்த தேதிக்கு ஒரு காலமே (column) இல்ல. ஆடிட் பண்றவங்க காசுக்காக உருவாக்கின நோட்டு அது, ஆபத்துக்காக உருவாக்கினது இல்ல.

இன்னொண்ணு, நம்மாளுங்க ஆர்கானிக் அனாலிசிஸ்ல ஆல்டிஹைடு கீட்டோன் இருக்கான்னு கண்டுபிடிக்க ஊத்தற போர்ஷ் ரியேஜென்ட். அது 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின்ல இருந்து போடறது, அந்தப் பவுடர் ஈரமா இருக்கற வரைக்கும் சாது, காஞ்சா வெடிமருந்து. 2016ல பிரிட்டன்ல பள்ளிக்கூட லேப்கள்ல இந்த பாட்டில் காஞ்சு கெடக்குன்னு தெரியவந்து நிறைய ஸ்கூலுக்கு பாம் ஸ்குவாடே போக வேண்டியதாச்சு. பிக்ரிக் ஆசிடும் அதே ஜாதி. அந்த பாட்டில மாசத்துக்கு ஒருதடவ யாராவது பார்க்கணும், பார்க்க வைக்கற வேலைய நோட்டு செய்யாது. லெபனான்ல பெய்ரூட் துறைமுகத்துல 2020 ஆகஸ்ட் 4ல வெடிச்ச 2,750 டன் அமோனியம் நைட்ரேட்டும் யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு கெடக்கல, கஸ்டம்ஸ் ஆளுங்க லெட்டர் மேல லெட்டரா எழுதிட்டுத்தான் இருந்தாங்க. அது வெடிச்சதுக்கு அப்புறம்தான் நம்ம சென்னை மணலியில 2015லருந்து பறிமுதல் பண்ணி வச்சிருந்த சுமார் 700 டன் எல்லாருக்கும் ஞாபகம் வந்து அவசர அவசரமா ஹைதராபாத்துக்கு ஏத்தினாங்க.

சரி, ரெண்டாவது வழி, எக்செல் இல்லன்னா கூகுள் ஷீட். இதுல எனக்கு முதல் அடியே சிஏஎஸ் நம்பர்ல (ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உலகம் பூரா ஒரே மாதிரி இருக்கற அடையாள நம்பர்) விழுந்துச்சு. ஒரே சாமானுக்கு நாலு பேரு இருக்கறதால (டிசிஎம், டைகுளோரோமீத்தேன், மெத்திலீன் குளோரைடு, மெத்திலீன் டைகுளோரைடு, எங்ககிட்ட இது நாலு பக்கத்துல நாலு சாமானா இருந்துச்சு, அதனாலதான் வருஷா வருஷம் வாங்கியிருக்கோம்) சிஏஎஸ் நம்பர வச்சுத்தான் சேர்க்க முடியும். டிசிஎம்முக்கு 75-09-2ன்னு அடிச்சு என்டர் தட்டினேன், எக்செல் அத 1975 செப்டம்பர் 2ந்தேதி ஆக்கிடுச்சு. அசிட்டோநைட்ரைல் 75-05-8 மே மாசம் 8ந்தேதி ஆயிடுச்சு. அசிட்டோன் 67-64-1 தப்பிச்சுது, ஏன்னா 64வது மாசம்னு ஒண்ணு இல்ல. சிரிப்பா இருந்தாலும் இது உலகம் பூரா உள்ள தலைவலி, எக்செல் தேதியாக்கிடுதேன்னு மனுஷ ஜீன்களோட பேரையே 2020ல மாத்தினாங்க. டைப் பண்றதுக்கு முன்னாடியே அந்தக் காலத்த (column) டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாத்திடுங்க, அப்புறமா மாத்தினா பிரயோஜனமில்ல.

சிஏஎஸ் நம்பர்ல ஒரு அழகு இருக்கு, கடைசி டிஜிட் சும்மா இல்ல, அது சரிபார்க்கற டிஜிட். அசிட்டோன்ல கடைசி 1 ஐ விட்டுட்டு வலது பக்கத்துலருந்து 4ஐ ஒண்ணாலயும் 6ஐ ரெண்டாலயும் 7ஐ மூணாலயும் அடுத்த 6ஐ நாலாலயும் பெருக்கிக் கூட்டினா 61, அதோட கடைசி இலக்கம் 1. ஷீட்ல ஒரு ஃபார்முலாவா போட்டுட்டா தப்பா அடிச்ச நம்பர் சிவப்பா காட்டிடும், எங்க லிஸ்ட்ல இப்படி ஒரே மத்தியானத்துல இருபதுக்கு மேல தப்பு பிடிச்சேன். நோட்டுல இது ஆகாது.

அதே மாதிரி திறந்த தேதியிலருந்து 6 மாசம் தாண்டினா செல் ஆரஞ்சு ஆகற மாதிரி வைக்கலாம், எந்த லேப் எந்த அலமாரி எந்த தட்டுன்னு ஒரு காலம் வைக்கலாம். இந்த இடத்த எழுத ஆரம்பிச்சப்புறம்தான் எங்க அலமாரி ஏ பி சி டி வரிசைப்படி இருக்கறது எவ்வளவு பைத்தியக்காரத்தனம்னு புரிஞ்சுது. அகர வரிசையில, சேர்ந்தா ஆபத்தான அசிட்டிக் ஆசிடும் அமோனியம் நைட்ரேட்டும் அடுத்தடுத்து உக்காந்திருக்கும், நைட்ரிக் ஆசிடுக்கு ரெண்டு பாட்டில் தள்ளி நைட்ரோபென்சீன் இருக்கும். கண்டுபிடிக்க சுலபம்னுதான் அப்படி அடுக்கினாங்க. தேடற வேலைய ஷீட் பார்த்துக்கும்னா அலமாரிய ஆக்சிடைசர் (மத்தத எரிய வைக்கற சாமான்) தனி, தீப்பிடிக்கற சால்வென்ட் தனி, ஆசிட் தனி, பேஸ் (காரம்) தனின்னு மாத்தி அடுக்கிக்கலாம். ஷீட்டுக்கு மாறினதுல எனக்குக் கெடச்ச பெரிய லாபம் இதுதான்.

ஆனா ஷீட்டும் லேசுப்பட்டது இல்ல. ஒரு காலத்த (column) மட்டும் செலக்ட் பண்ணி வரிசைப்படுத்தினா (sort) 600 பாட்டிலும் இடம் மாறிப்போகும், எங்க பிஜி பையன் ஒருத்தன் அத நல்ல எண்ணத்துலதான் செஞ்சான். கூகுள் ஷீட்டா இருந்ததால வெர்ஷன் ஹிஸ்டரியில பழசுக்கு திரும்பிப் போயிட்டோம், பென்டிரைவ்ல சுத்தற எக்செலா இருந்திருந்தா அன்னைக்கே காரியம் முடிஞ்சிருக்கும். அதோட, கையில கிளவுஸ் போட்டு ஆசிட் அளந்துட்டு இருக்கற அண்ணன் ஃபோன எடுத்து ஷீட்ட திறந்து 312வது வரிசையில போய் திருத்துவாருன்னு எதிர்பார்த்தேன் பாருங்க, அது என் தப்பு. முதல் ரெண்டு மாசம் ஷீட்ல ஒரு எழுத்துகூட மாறல.

மூணாவது, இதுக்குன்னே செஞ்ச சாஃப்ட்வேர். இலவசமாவே நல்லது இருக்கு. ஓப்பன் என்வென்டரின்னு ஒண்ணு, ஜெர்மனியில கைசர்ஸ்லாட்டர்ன் யுனிவர்சிட்டியில உருவானது, ஸ்ட்ரக்சர வரைஞ்சே பாட்டில தேடலாம். இலேப்எஃப்டிடபிள்யூன்னு ஒண்ணு, பாரிஸ்ல க்யூரி இன்ஸ்டிட்யூட்ல ஆரம்பிச்சது, அடிப்படையில எலெக்ட்ரானிக் லேப் நோட்புக், கூடவே சாமான் லிஸ்டும் மெஷின் புக்கிங்கும் வச்சுக்கலாம். காசு கட்டற கிளவுட் சர்வீஸும் நிறைய இருக்கு. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி மாதிரி பெரிய ஆளுங்க கெமிக்கல் ஸ்டாக்குக்கு ஒண்ணு, லேப் இன்ஸ்பெக்ஷனுக்கு ஒண்ணுன்னு சொந்தமாவே ஆப் செஞ்சு வச்சிருக்காங்க. ரெண்டுக்கும் தனித்தனி ஆப், இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரேன்.

நானும் ஆசைப்பட்டு இதுல ஒண்ண எம்சிஏ பையன் ஒருத்தன வச்சு டிபார்ட்மென்ட்ல சும்மா கெடந்த பழைய கம்ப்யூட்டர்ல போட்டேன். ஒரு மாசம் ஜோரா ஓடிச்சு. பார்கோட் ஸ்டிக்கர் எல்லாம் அடிச்சு ஒட்டி பெரிய கம்பெனி மாதிரி இருந்துச்சு. அப்புறம் தெர்மல் பிரிண்டர்ல அடிச்ச ஸ்டிக்கர் மேல அசிட்டோன் சொட்டினா கருப்பாயிடும்னு தெரிஞ்சுது, ஆசிட் அலமாரியில ஒட்டினது புகையிலயே வெளுத்துப்போச்சு. (பால்பாயின்ட் பேனாவையும் அசிட்டோன் கழுவிடும். பென்சில்ல எழுதுங்க, பென்சில் அழியாது, இது எங்க அண்ணன் சொன்னது, அவரு 22 வருஷமா அப்படித்தான் எழுதறாரு.) கம்ப்யூட்டர் ஒரு நாள் பவர்கட்டுல படுத்துச்சு, போட்டுக்குடுத்த பையன் கோர்ஸ் முடிச்சு பெங்களூர் போயிட்டான், பேக்கப் எங்க இருக்குன்னு அவனுக்கு ஃபோன் பண்ணா, "சார், பேக்கப் எடுக்கச் சொன்னீங்களா?"ன்னு கேட்டான்.

கிளவுட் சர்வீஸ் வாங்கிடலாமேன்னா அதுல வேற வம்பு. டாலர்ல பில், கார்டுல கட்டணும், காலேஜ் ஆபீஸ்ல கார்டே கெடையாது, மூணு குவட்டேஷன் கேப்பாங்க, வருஷா வருஷம் கட்டணும்னா "இது கன்ஸ்யூமபிளா நான்-கன்ஸ்யூமபிளா, எந்த ஹெட்ல போடறது"ன்னு சூப்பரின்டென்டன்ட் கேப்பாரு. எனக்கு பதில் தெரியல, அவருக்கும் தெரியல, ஃபைல் அங்கயே நிக்குது.

அதுக்காக சாஃப்ட்வேர் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. பத்துப் பதினஞ்சு ரிசர்ச் குரூப் இருக்கற யுனிவர்சிட்டின்னா ஒரு குரூப் வாங்கி வச்சிருக்கற சாமான பக்கத்து குரூப்பும் திரும்ப வாங்கறத தடுத்தாலே போட்ட காசு வந்துடும். என்ஏபிஎல் (லேப்களுக்கு தேசிய அங்கீகாரம் குடுக்கற அமைப்பு) அக்ரிடிட்டேஷன் வாங்கற டெஸ்டிங் லேப்னா ஐஎஸ்ஓ 17025ங்கற லேப் தர விதிப்படி ஒவ்வொரு மெஷினுக்கும் ரெக்கார்டு, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) நிலைமை பார்த்த உடனே தெரியற லேபிள் எல்லாம் வேணும், அங்க யாரு எப்ப எத மாத்தினாங்கன்னு தானா பதியற சாஃப்ட்வேர் பெரிய உதவி. சர்வர பார்த்துக்க சம்பளத்துக்கு ஒரு ஆள் இருக்காரான்னு மட்டும் முதல்ல கேளுங்க. ஸ்டூடண்ட் இருக்கான்ங்கறது கணக்குல வராது, அவன் ரெண்டு வருஷத்துல போயிடுவான்.

இப்ப மெஷின் இன்ஸ்பெக்ஷன். ஒரு வருஷம் நான் செஞ்ச பெரிய தப்பு, இதையும் கெமிக்கல் ஸ்டாக்கையும் ஒரே டப்பாவுல அடைக்கப் பார்த்தது. ரெண்டும் வேற வேற சமாச்சாரம். கெமிக்கல் கணக்கு, யாராவது ஒரு பாட்டில தொட்டா மாறும். இன்ஸ்பெக்ஷன் கணக்கு, யாரும் ஒண்ணும் தொடலன்னாலும் நாள் போகப் போக மாறும். முன்னதுக்கு பாட்டில் பக்கத்துலயே எழுத இடம் வேணும், பின்னதுக்கு நாள் வந்தா தட்டி எழுப்ப ஒரு ஆள் வேணும். கலிஃபோர்னியாக்காரங்க ரெண்டு ஆப்பா வச்சதுக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும்னு என் அபிப்பிராயம்.

இன்ஸ்பெக்ஷன் ரெஜிஸ்டர்னு எங்ககிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. ஃபியூம் ஹூட் (புகைய உறிஞ்சி வெளிய தள்ளற கூண்டு), ஐவாஷ் (கெமிக்கல் பட்ட கண்ண கழுவற குழாய்), ஆட்டோகிளேவ் (நீராவியில கிருமி நீக்கற மெஷின்), ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் எல்லாத்துக்கும் மாசா மாசம் டிக், 12 மாசமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. கமிட்டி வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் உக்காந்து போட்டதுன்னு சின்னப் பிள்ளைகூட சொல்லிடும். நோட்டுக்குப் பதிலா எக்செல்ல டிக் போட்டாலும் இதே கதைதான். அதனால நான் ரெண்டு விஷயத்த மாத்தினேன். ஒண்ணு, ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு க்யூஆர் கோட், ஸ்கேன் பண்ணா கூகுள் ஃபார்ம் திறக்கும், அனுப்பின நேரத்த அதுவே பதிஞ்சுக்கும், 12 மாசத்துக்கு ஒரே சாயங்காலம் போட முடியாது. ரெண்டு, ஓகே நாட் ஓகேன்னு கேக்கறத நிறுத்திட்டு நம்பர் கேட்டேன். ஃபியூம் ஹூட் சரியா இருக்கான்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க, அனிமோமீட்டர் (காத்து வேகம் அளக்கற கருவி) ரீடிங் எவ்வளவுன்னு கேட்டா போய் அளந்துத்தான் ஆகணும். நொடிக்கு 0.5 மீட்டர் பக்கத்துல இருக்கணும், எங்க பிஜி லேப் ஹூட் 0.2 காட்டுச்சு, மேல போய் பார்த்தா டக்டுக்குள்ள புறா கூடு. அந்த ஹூடுக்கு மூணு வருஷமா டிக் விழுந்திருக்கு. பேலன்ஸுக்கும் (தராசு) அப்படித்தான், 100 கிராம் ஸ்டாண்டர்டு வெயிட் வச்சா எவ்வளவு காட்டுதுன்னு எழுதுங்க.

ஐவாஷ வாரம் ஒருதடவ திறந்து விடணும்னு அமெரிக்க ஆன்சி (அங்க தர விதிகள் போடற அமைப்பு) ஸ்டாண்டர்டு சொல்லுது, நம்மூர்ல இருக்கற ஐவாஷுக்கு அத முதல்ல செய்யுங்க, மாசக்கணக்குல தேங்கின துரு தண்ணிய கண்ணுல அடிச்சுக்க யாருக்கும் ஆசை இருக்காது. அடிபட்டா 15 நிமிஷம் விடாம கழுவணும், அதனால டேங்க்ல அவ்வளவு நேரத்துக்கு தண்ணி வருதான்னும் ஒருதடவ ஓட்டிப் பாருங்க. எல்பிஜி சிலிண்டர் வளையத்த தாங்கற பட்டையில, திரும்ப டெஸ்ட் பண்ண வேண்டிய கெடுவா, ஏ பி சி டின்னு ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும், ஏ-ன்னா ஜனவரிலருந்து மார்ச், டி-ன்னா அக்டோபர்லருந்து டிசம்பர், அந்தத் தேதி தாண்டினத இறக்கவே விடாதீங்க, இதுக்கு ஃபார்மும் வேணாம் ஒண்ணும் வேணாம். பெரிய மெஷினுங்க, யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரி, ஏஎம்சிக்காரர் (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்தவர்) வர்ற தேதி கூகுள் காலண்டர்ல எனக்கும் மேடத்துக்கும் ஒருத்தருக்கு ரெண்டு பேரா அலர்ட் வர்ற மாதிரி வச்சிருக்கேன், அது போதும்.

கடைசியில எங்க டிபார்ட்மென்ட் எங்க வந்து நின்னுச்சுன்னா, ஆசிட், அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஸ்பிரிட் மூணுக்கும் பைண்ட் நோட்டு. மத்த எல்லாத்துக்கும் கூகுள் ஷீட், ஆனா அண்ணன் அதத் தொடவே வேணாம். பேலன்ஸ் பக்கத்துல ஒரு கிளிப்போர்டு, பென்சில் கட்டித் தொங்குது, எடுத்தவங்க பாட்டில் நம்பரும் அளவும் எழுதணும், சனிக்கிழமை மத்தியானம் நானோ இன்னொரு சாரோ அரைமணி நேரம் உக்காந்து ஷீட்ல ஏத்திடுவோம். விலை ஜாஸ்தியான சாமானுக்கு மட்டும் ஒரு உபாயம், புது பாட்டில் வந்த அன்னைக்கே மூடியோட மொத்த எடைய நிறுத்து லேபிள்ல எழுதிடறது, அப்புறம் எப்ப வேணா தட்டுல வச்சா மிச்சம் எவ்வளவுன்னு கழிச்சுப் பார்த்துக்கலாம், திறக்கக்கூட வேணாம். மெஷினுக்கு க்யூஆர் ஃபார்ம். சாஃப்ட்வேர் இப்போதைக்கு இல்ல, பக்கத்துல பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து ஒரே ஸ்டோர் வச்சா திரும்ப யோசிக்கலாம்னு மேடம்கிட்ட சொல்லியிருக்கேன்.

மாறணும்னு நெனைக்கறவங்க பழைய ரெஜிஸ்டர பார்த்து ஷீட்ல டைப் அடிக்காதீங்க, அது பொய்ய காப்பி எடுக்கற வேலை. அலமாரிக்கு முன்னாடி நின்னு ஒரு நாளைக்கு ஒரு தட்டுன்னு பாட்டில கையில எடுத்து எழுதுங்க. எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. லேபிளே இல்லாத பாட்டில் 14, மூடி இறுகிப்போனது சிலது, இதெல்லாம் சிங்க்ல ஊத்தற சாமான் இல்ல, பொல்யூஷன் கன்ட்ரோல் போர்டு அங்கீகாரம் இருக்கற இடத்துக்குத்தான் போகணும், கும்மிடிப்பூண்டியில அதுக்கு இடம் இருக்கு, அந்த லெட்டர் இப்ப ஆபீஸ்ல இருக்கு.

காலி பாட்டில் போட பிரிப்பரேஷன் ரூம் கதவுக்குப் பக்கத்துல ஒரு நீல டிரே வச்சிருக்கோம், ஷீட்ல காலின்னு ஏத்தின அப்புறம்தான் அது வெளிய போகும். முதல் வாரம் அண்ணன் அதுல ஒண்ணுமே போடல. மேடம் வந்து "காலியானதுக்கு உங்கள யாரும் கேக்க மாட்டாங்க, எழுதியே தரேன்"ன்னு சொல்லி கையெழுத்து போட்டு டிரே மேலயே ஒட்டினாங்க, அடுத்த சனிக்கிழமை அதுல 31 பாட்டில் இருந்துச்சு. சில்வர் நைட்ரேட் இப்ப ரெண்டு, ஒண்ணுல 11 கிராம், இன்னொண்ணு சீல் உடைக்கல.